ஏழாம் அத்தியாயம்: பல வேலைகளை ஒருங்கே ஏவுவதால் நேரும் கம்பைல் பழுதுகள்

மூல நிரலை இறக்கிக்கொண்டு தம் கணினியிலேயே கம்பைல் செய்து பழகியவர்கள், ‘மேக்’ என்னும் கருவிக்கு ‘-ஜே’ என்ற குறியையும் அதனுடன் ஓர் எண்ணையும் கொடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக நடந்து வந்த வேலைகளை நான்கு நான்காகவோ எட்டு எட்டாகவோ ஒரே சமயத்தில் நடத்திக்கொள்வது இன்று சர்வ சாதாரணம். அதனால் கிடைக்கும் கால லாபம் மெய்யானதே. ஆயினும், நேற்று வரையில் யாதொரு இடையூறுமின்றிக் கட்டப்பட்டு வந்த மென்பொருள், அந்த ஒரு குறியைச் சேர்த்த மாத்திரத்தில் பாதி வழியில் நின்று, புரியாத பிழைச் செய்திகளைத் திரை முழுதும் இறைத்துவிடுவதும் உண்டு. அப்போது அனுபவமுள்ள நண்பர் எவரேனும் பக்கத்தில் இருந்தால், “-ஜே 1 போட்டுப் பாரேன்” என்று ஒரே வார்த்தையில் பரிகாரம் சொல்லிவிடுவார். போட்டால் அநேகமாக ஓடியும் விடும். நான் இங்கே விவாதிக்க விரும்புவது அந்தப் பரிகாரத்தைத்தான். நினைவகம் போதாமை ஒரு குறை. வேலைகளின் கிரமம் எழுதப்படாமை முற்றிலும் வேறான இன்னொரு குறை. முன்னதற்கு எண்ணைக் குறைப்பதே நியாயமான தீர்வு. பின்னதற்கோ, எண்ணைக் குறைப்பது குற்றத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடிவைப்பதே தவிர வேறன்று. இரண்டும் ஒரே பரிகாரத்துக்கு அடங்கிவிடுவதால், இரண்டையும் ஒன்றென்றே எண்ணி வாழ்நாள் முழுதும் ‘-ஜே 1’ போட்டுக்கொண்டிருப்பவர்கள் பலர்.

இந்த நூலைக் கையில் எடுப்பவர் பெரும்பாலும் அண்ணாமலைநகரில் படிக்கும் மாணவராகவோ, கடலூர் மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ இரண்டு மூன்று கணினிகளை வைத்துக்கொண்டு தொழில் நடத்துபவராகவோ இருப்பார் என்று அனுமானித்துக்கொள்கிறேன். அவர் கையில் உள்ள இயந்திரம் புத்தம் புதியதாக இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கீழ், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்த பெட்டிகள் இப்பக்கத்து வீடுகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கக்கூடும். சென்னை சி-டாக் நிறுவனம் 2007-ல் முதற்பதிப்பை வெளியிட்ட அந்த பாஸ், டெபியனை ஆதாரமாகக் கொண்டது. ஆகையால் டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் நான் சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்தும். கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் இந்நூல் முழுவதும் போலவே இங்கும் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றின் ஆங்கில எழுத்துகளையே அடிக்க வேண்டும் என்பதை வாசகர் அறிவார்.

முதற்பிழையைத் தேடுதல்

பல வேலைகள் ஒருங்கே நடக்கும்போது, அவற்றில் ஒன்று தோற்றதும் மற்றவை உடனே நின்றுவிடுவதில்லை. தொடங்கிய வேலைகள் முடியட்டும் என்று மேக் காத்திருக்கிறது. அதைத்தான் ‘வெயிட்டிங் ஃபார் அன்ஃபினிஷ்ட் ஜாப்ஸ்’ என்ற வரியால் தெரிவிக்கிறது. அந்த இடைவேளையில் வேறு வேலைகள் தம் எச்சரிக்கைகளையும், சில சமயம் தம் சொந்தப் பிழைகளையும், திரையில் கொட்டிக்கொண்டே போகின்றன. ஆகவே கடைசி வரியைப் படித்துவிட்டுக் காரணம் இன்னதென்று தீர்மானிப்பவர் அநேகமாகத் தவறான கோப்பைத்தான் குடைந்துகொண்டிருப்பார். வெளியீடு முழுவதையும் ‘டீ’ கட்டளையின் மூலம் ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டு, அதன் மேலிருந்து கீழாக, மூன்று நட்சத்திரக் குறிகளுடன் வரும் முதல் வரியைத் தேடி, அதற்குச் சற்று மேலே இருப்பதைப் படிக்க வேண்டும்.

பல வேலைகளின் பேச்சும் ஒன்றோடொன்று கலந்து வருவதைத் தடுக்க ‘-ஓ’ என்ற குறி உண்டு. இதைப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும். 2013-ல் வெளிவந்த ஜிஎன்யூ மேக் 4.0 முதற்கொண்டு இருக்கும் இந்த வசதி, ஒவ்வொரு வேலையின் வெளியீட்டையும் அது முடிந்த பிறகு மொத்தமாக அச்சிடச் செய்கிறது. இத்தனை பயனுள்ள குறியை இத்தனை பேர் அறியாதிருப்பது எனக்கு விளங்காத விஷயம்.

நினைவகம் போதாமை

‘கில்ட் சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1பிளஸ்’ என்ற செய்தியை ஜி++ கம்பைலர் சொல்லுமாயின், ஐயத்துக்கு இடமே இல்லை என்று சொல்லலாம். கம்பைலரின் உள்ளுறுப்பை வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள். கொன்றது பெரும்பாலும் லினக்ஸ் கெர்னல்தான். ராம் முழுதும் தீர்ந்துபோனபோது, இயந்திரம் ஒட்டுமொத்தமாக முடங்கிவிடாதிருக்க, அதிகமாக உண்டவனைத் தேர்ந்தெடுத்து முடித்துவிடும் ஏற்பாடு கெர்னலில் இருக்கிறது. ‘சூடோ டிமெஸ்ஜி’ என்று கேட்டால், ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற சொற்களுடன் அது தன் செய்கையை மறைக்காமல் ஒப்புக்கொள்ளும். 137 என்ற வெளியேறு எண்ணைக் கண்டாலும் அதே சந்தேகம் கொள்ளலாம். 128-உடன் கொலைக் குறிப்பான 9-ஐக் கூட்டிய எண் அது.

நினைவகம் இப்படித் தீர்ந்துபோவதற்குக் காரணம், ‘-ஜே’க்குரிய எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முறையில் இருக்கிறது. ‘என்ப்ராக்’ என்ற கட்டளை எத்தனை கோர் இருக்கின்றன என்று சொல்லும்; அந்த எண்ணையே ‘-ஜே’க்குக் கொடுத்துவிடுவது வழக்கம். ஆனால் கோர்களின் எண்ணிக்கைக்கும் ராமின் அளவுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. சி++ மொழியில், அதிலும் டெம்ப்ளேட்டுகள் மலிந்த மூலங்களில், ஒரு வேலைக்கு 2 ஜிபி என்று கணக்கிடுவது ஜென்டூ முதலிய, எல்லாவற்றையும் கட்டியே பயன்படுத்தும் வழங்கல்களில் நிலைபெற்ற வழக்கம். ‘ஃப்ரீ -ஹெச்’ என்று கேட்டு, ‘அவைலபிள்’ என்ற பத்தியில் உள்ள அளவை 2-ஆல் வகுத்து, அந்த ஈவையும் கோர் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, இரண்டில் சிறியதைக் கொடுப்பதே விவேகம். 8 கோர் உள்ள இயந்திரத்தில் 6 ஜிபி மட்டும் மிச்சமிருந்தால் ‘-ஜே 3’ போதும். சி மொழியில் எழுதிய எளிய நிரல்களுக்கு இவ்வளவு சிக்கனம் வேண்டியதில்லை. கம்பைல் செய்யும் நேரத்தில் உலாவியில் இருபது தாவல்களைத் திறந்துவைத்திருப்பவர் அந்தக் கணக்கையும் தாமே கழித்துக்கொள்ள வேண்டும்.

எண்ணே கொடாமல் ‘-ஜே’ என்று மட்டும் அடித்துவிடுவது அபாயகரமானது. அப்படிச் செய்தால் மேக்குக்கு வரம்பென்பதே இல்லை. தயாராக இருக்கும் எல்லா வேலைகளையும் ஒரே மூச்சில் ஏவிவிடும். பெரிய மூலமாயின் நூற்றுக்கணக்கான கம்பைலர்கள் ஒருசேர எழுந்து, சுட்டி கூட நகராத நிலைக்கு இயந்திரத்தைக் கொண்டுபோய்விடும். ‘-எல்’ என்ற குறி இதற்குக் காப்பு என்று சிலர் எண்ணுகிறார்கள். அது செயலியின் சுமை ஓர் அளவைக் கடந்தால் புதிய வேலை தொடங்காதிருக்கச் செய்கிறது; நினைவகத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இன்னொரு நுட்பம் உண்டு. கம்பைல் எல்லாம் சுகமாக முடிந்து, இறுதியில் லிங்க் செய்யும் கட்டத்தில் மட்டும் இயந்திரம் விழுகிறதென்றால், லிங்கர்தான் நினைவகத்தை விழுங்குகிறது என்று கொள்ளலாம். எல்எல்விஎம் போன்ற மாபெரும் திட்டங்கள், கம்பைல் வேலைகள் எத்தனை, லிங்க் வேலைகள் எத்தனை என்று தனித்தனியே வரையறுக்கும் ஏற்பாட்டை வைத்திருப்பது இதனால்தான். டீபக் தகவல்களைக் குறைத்தாலும் சுமை வெகுவாகத் தணியும். ஸ்வாப் கோப்பு ஒன்றை உண்டாக்கிக்கொள்வதும் உபாயமே. ஆனால் பழைய மடிக்கணினியின் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஸ்வாப்பை நம்பி எட்டு வேலைகளை ஏவுவதைவிட, ஸ்வாப்பே இல்லாமல் இரண்டை ஏவுவது சீக்கிரம் முடியும் என்பது என் துணிபு. டெபியன் 13-க்கு மாறியவர்கள், அதில் ‘டெம்ப்’ அடைவு இயல்பாகவே ராமில் அமைகிறது என்பதை நினைவிற்கொண்டு, மூலத்தை அங்கே வைத்துக் கட்டாதிருப்பார்களாக.

கிரமம் எழுதப்படாமை

நினைவகக் குறையைக் காட்டிலும் சிந்தனைக்கு விருந்தாவது இதுதான். 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக்கை எழுதியபோது, எந்தக் கோப்பு எதனைச் சார்ந்தது என்பதை எழுதிவிட்டால் மீதியை இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்பதே அதன் சித்தாந்தமாக இருந்தது. ஆனால் மேக், எழுதிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வேலைகளைச் செய்யும் சுபாவமுடையதாகவும் இருந்தபடியால், மேக்ஃபைல் எழுதியவர்கள் நாளடைவில் சார்பை எழுதாமல் வரிசையை நம்பத் தொடங்கினார்கள். அது எவர் கண்ணிலும் படவில்லை. ஒரு வேலை முடிந்து மறுவேலை தொடங்கும் வரையில் படவும் படாது. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் ஐந்து தேர்கள் ஓடும்போது, விநாயகர் முன்னே, சண்டிகேசுவரர் கடைசியில் என்பதை வடம் பிடிப்பவர் எவருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை; மேக்கோ வெளியூரான், எழுதாததை அறியமாட்டான், ‘-ஜே 5’ என்றால் ஐந்தையும் ஒரே கணத்தில் கீழ வீதியில் இழுத்துவிடுவான்.

இந்தக் குறையை இனங்காண்பதற்கு மூன்று லட்சணங்கள் போதும். முதலாவது, தோல்வி ஒவ்வொரு முறையும் நேர்வதில்லை, நேரும்போதும் ஒரே இடத்தில் நேர்வதில்லை. இரண்டாவது, தோற்றவுடன் ஒன்றும் மாற்றாமல் மறுபடியும் ‘மேக்’ என்று அடித்தால், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஓடி முடிந்துவிடுகிறது. மூன்றாவது, செய்தி ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று, சற்று நேரத்தில் உண்டாகவிருக்கும் ஒரு கோப்பையே இல்லை என்கிறது. இந்த மூன்றாவதுதான் விசேஷமானது: பிழை சொன்ன மறுநிமிடமே ‘எல்எஸ்’ என்று பார்த்தால், இல்லை என்று சொல்லப்பட்ட கோப்பு அங்கேயே கண்ணெதிரே இருக்கும்!

திருஷ்டாந்தமாக ஒரு சிறிய மொழிபெயர்ப்பு நிரலை எடுத்துக்கொள்வோம். ‘இலக்கணம்.ஒய்’ என்ற மூலத்திலிருந்து பைசன் கருவி ‘இலக்கணம்.சி’, ‘இலக்கணம்.ஹெச்’ என்ற இரு கோப்புகளை ஆக்குகிறது. ‘சொல்.சி’ என்ற வேறொரு கோப்பு அந்த ஹெடரைச் சேர்த்துக்கொள்கிறது. மேக்ஃபைலில் ‘இலக்கணம்.ஓ சொல்.ஓ’ என்று இந்த வரிசையில் எழுதியிருந்தால், ஒற்றை வேலையாக ஓடும்போது இலக்கணம் முதலில் கம்பைலாகி, அதன் பயனாக ஹெடரும் பிறந்துவிடும். அடுத்து வரும் ‘சொல்.சி’ நிம்மதியாக அதைக் கண்டெடுக்கும். இரண்டு வேலையாக ஓட்டினால், பைசன் தன் காரியத்தைத் தொடங்கும் அதே கணத்தில் சொல்லும் கம்பைலாகத் தொடங்கி, இன்னும் பிறவாத ஹெடரைத் தேடித் தோற்கிறது. ‘சொல்.ஓ’வின் முன்தேவைகளில் ‘இலக்கணம்.ஹெச்’ என்பதையும் ஒரு வரியில் எழுதிவிட்டால் காரியம் முடிந்தது.

“கம்பைலரே ‘-எம்எம்டி’ என்ற குறியால் ஹெடர் சார்புகளைக் கண்டு எழுதிக் கொடுக்கிறதே, நான் ஏன் கையால் எழுத வேண்டும்?” என்று கேட்கத் தோன்றும். அந்தக் குறி சார்புகளை எழுதித் தருவது கம்பைல் நடக்கும்போதுதான். ஆகையால் இரண்டாம் முறை கட்டுவதற்கே அந்த அறிவு பயன்படும். முதன்முறை, வெறும் அடைவிலிருந்து கட்டும்போது, மேக்குக்கு ஒன்றும் தெரியாது. நம் இயந்திரத்தில் ஓடுவது புதிதாக இறக்கியவரின் இயந்திரத்தில் ஓடாமற்போவதன் ரகசியம் பெரும்பாலும் இதுவே. ஆகவே ஆக்கப்படும் ஹெடர்களை மட்டுமாவது கையால் எழுதியே தீர வேண்டும்.

அதே எடுத்துக்காட்டில் இன்னொரு கண்ணியும் பதுங்கியிருக்கிறது. ‘இலக்கணம்.சி இலக்கணம்.ஹெச்: இலக்கணம்.ஒய்’ என்று இரண்டு இலக்குகளை ஒரே விதியில் எழுதுபவர், ஒரு முறை பைசனை ஓட்டினால் இரண்டும் கிடைக்கும் என்ற பொருளில் எழுதுகிறார். மேக்கோ, அதை இரண்டு தனித்தனி விதிகளாகவே வாசிக்கிறது. ஒற்றை வேலையில், முதல் ஓட்டமே இரண்டையும் ஆக்கிவிடுவதால் இரண்டாவதற்கு அவசியம் நேராது. பல வேலைகளில் இரண்டு பைசன்கள் ஒரே கோப்பின் மேல் ஒரே சமயத்தில் எழுதுகின்றன, பாதி எழுதிய கோப்பைக் கம்பைலர் படித்துவிட்டு இலக்கணப் பிழை என்று முறையிடுகிறது. 2020-ல் வந்த மேக் 4.3 முதல், முக்காற்புள்ளிக்கு முன்னால் ‘&’ குறியை இட்டு, இவை கூட்டாகப் பிறப்பவை என்று அறிவிக்கலாம். பழைய மேக்கிலும் ஓட வேண்டுமென்றால், ஹெடர் ‘இலக்கணம்.சி’யைச் சார்ந்தது என்று எழுதிவிடுவது எளிய வழி.

அடைவு உண்டாக்கும் கட்டளையில் ‘-பி’ குறி இல்லாமையால் இரண்டாவது வேலை ‘ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று விழுவதும், ‘ஏஆர்’ கருவியைக் கொண்டு ஒரே நூலகக் கோப்பில் பல வேலைகள் ஒருசேர உறுப்புகளைச் சேர்த்து அதைச் சிதைத்துவிடுவதும் அடிக்கடி காண்பவை. முன்னதற்கு ‘-பி’, பின்னதற்கு எல்லா ஆப்ஜெக்டுகளும் முடிந்த பின் ஒரே முறை ‘ஏஆர்’ ஓட்டுவது.

குற்றம் எங்கே என்று தெரியவில்லையானால், 2022-ல் வெளிவந்த மேக் 4.4-ல் ‘--ஷஃபிள்’ என்ற அருமையான குறி இருக்கிறது. அது முன்தேவைகளின் வரிசையை வேண்டுமென்றே கலைத்துவிட்டு ஓடுகிறது. ‘--ஷஃபிள்=ரிவர்ஸ்’ என்றால் வரிசை தலைகீழாகும்; ‘-ஜே 1’ உடனேயே இதை ஓட்டினால், வரிசையை நம்பி எழுதிய விதிகள் பலவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே வெளிவந்து நிற்கும். எதேச்சையாகக் கலைத்து ஓடித் தோற்றால், பிழை வரியிலேயே எந்த எண்ணை வைத்துக் கலைத்தது என்றும் அச்சாகும். அதே எண்ணைக் கொடுத்து அதே வரிசையை மறுபடி வரவழைக்கலாம். திருத்த நேரமில்லாதவர், ஒரு மேக்ஃபைலுக்கு மட்டும் ‘.நாட்பேரலல்’ என்று எழுதிவைத்து, அதை மட்டும் ஒற்றையாக ஓடச் செய்யலாம். அது ஒத்திவைப்பு என்பதை உணர்ந்தே செய்ய வேண்டும்.

மேக்குக்குள் மேக்

ஒரு மேக்ஃபைல் வேறோர் அடைவில் இன்னொரு மேக்கை அழைப்பது பெரிய திட்டங்களில் சகஜம். மொத்த வேலைகள் வரம்பை மீறாதிருக்க, 1999-ல் வந்த 3.78-ஆம் பதிப்பு முதல் ‘ஜாப்சர்வர்’ என்ற பங்கீட்டு முறை இருக்கிறது. உள்ளே ‘மேக்’ என்று நேரடியாக எழுதாமல், டாலர் குறியும் அடைப்புக்குறியும் இட்ட பெரிய எழுத்து ‘மேக்’ மாறியை எழுதினால் அந்தப் பங்கு தவறாமல் உள்ளே போய்ச் சேரும். இல்லையேல் ‘ஜாப்சர்வர் அன்அவைலபிள்’ என்ற எச்சரிக்கையோடு உள்மேக் ஒற்றையாக நகரக்கூடும். கெடுதல் இல்லை, தாமதம்தான். உள்ளேயும் ஒருவர் ‘-ஜே 4’ என்று எழுதிவைத்திருந்தாலோ, வெளியே நான்கு, அவை ஒவ்வொன்றுக்கும் உள்ளே நான்கு என்று 16 கம்பைலர்கள் எழுந்து, நினைவகம் போதாமைக்கே திரும்பக் கொண்டுபோய் விடும். ‘மேக்ஃப்ளாக்ஸ்’ என்ற சூழல் மாறியில் எப்போதோ எண்ணை எழுதிவைத்து மறந்துவிடுவதும் உண்டு. கட்டளையில் ‘-ஜே’ கொடுக்காதபோதும் பல வேலைகள் நடந்தால் ‘பேஷ்ஆர்சி’ கோப்பைத் திறந்து பார்க்கவும். டெபியன் தொகுப்புகளைக் கட்டுபவர்கள், டெப்ஹெல்ப்பரின் 10-ஆம் நிலை முதல் பல வேலைகள் இயல்பாகவே ஏவப்படுகின்றன என்பதை அறிந்து, சோதனைக்காக ‘டெப்_பில்ட்_ஆப்ஷன்ஸ்’ மாறியில் ‘பேரலல்=1’ என்று கொடுக்கலாம்.

இயந்திரமும் மின்சாரமும்

‘இன்டர்னல் கம்பைலர் எர்ரர்’ என்றும் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்றும், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கோப்பில் கம்பைலரே விழுகிறதென்றால், மேக்ஃபைலைச் சந்தேகிப்பது வீண். கம்பைலரில் உள்ள குற்றமாயின் அதே கோப்பில் அதே வரியில் திரும்பத் திரும்ப நேரும். இடம் மாறுகிறதென்றால் ராமையோ வெப்பத்தையோ சந்தேகிக்க வேண்டும். எல்லாக் கோர்களும் ஒருசேர உழைக்கும்போதுதான் இயந்திரத்தின் முழுச் சூடும் வெளிப்படுகிறது. கத்திரி வெயிலில், மின்விசிறி மட்டுமே உள்ள அறையில், தூசி அடைத்த விசிறியோடு கூடிய மடிக்கணினி தடுமாறுவதில் வியப்பில்லை. தேவனாம்பட்டினம் போன்ற கடலோரத்து உப்புக் காற்று உலோகத் தொடர்புகளை அரிக்க வல்லது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ராமைக் கழற்றித் துடைத்து மாட்டி, ‘மெம்டெஸ்ட்86+’ கருவியை ஓர் இரவு முழுதும் ஓடவிட்டுப் பார்த்த பிறகே வேறு முடிவுக்கு வரலாம்.

1956-ல் தொடங்கிய, மின்சாரம் ஆக்கும் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் இதே மாவட்டத்தில் இருந்தும், 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்தபின் கடலூர் சுற்றுவட்டாரம் பட்ட இருளை நாம் மறந்துவிடவில்லை; சாதாரண நாட்களிலும் மின்தடை சொல்லிக்கொண்டு வருவதில்லை. எட்டு வேலைகள் நடக்கும்போது மின்சாரம் போனால், எட்டு ஆப்ஜெக்ட் கோப்புகள் பாதியிலோ, பூஜ்ய அளவிலோ நின்றுவிடக்கூடும். மேக் நேரத்தை மட்டுமே ஒப்பிடுவதால், அவற்றைப் புதியவை என்று ஏற்றுக்கொண்டு, லிங்க் செய்யும்போது ‘ஃபைல் டிரங்கேட்டட்’ என்று திகைக்கும். ‘ஃபைண்ட்’ கட்டளையால் பூஜ்ய அளவுள்ளவற்றைத் தேடி நீக்கலாம். பாதியில் நின்றவை அதற்கு அகப்படா என்பதால், ‘மேக் கிளீன்’ கொடுத்துத் தொடக்கத்திலிருந்து கட்டுவதே பத்திரம். மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்துபோன பழைய கணினியாயின், மின்சாரம் திரும்பியதும் கடிகாரமும் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருக்கும். ‘கிளாக் ஸ்க்யூ டிடெக்டட்’ என்ற எச்சரிக்கை அதையே சுட்டுகிறது. கடிகாரத்தைத் திருத்தாமல் கட்டும் எதையும் நம்பலாகாது. மின்தடைக்குச் சம்பந்தமில்லாத தோல்விகளுக்கு, மேக்ஃபைலின் தலையில் ‘.டெலீட்_ஆன்_எர்ரர்’ என்று ஒரு வரி எழுதிவைத்தால், தோற்ற விதியின் அரைகுறைக் கோப்பை மேக்கே நீக்கிவிடும்.

குற்றம் பிறர் எழுதிய மேக்ஃபைலில் என்று தெளிந்தபின், அதை எழுதியவருக்குத் தெரிவிப்பது முறை. மேக்கின் பதிப்பு எண், ‘-ஜே’க்குக் கொடுத்த எண், ஷஃபிள் எண் கிடைத்திருந்தால் அது, ‘-ஓ’ குறியுடன் ஓட்டிய பதிவிலிருந்து முதற்பிழையும் அதற்கு மேலுள்ள இருபது வரிகளும், இவ்வளவும் இருந்தால் அவர் தம் இயந்திரத்தில் அதே தோல்வியை வரவழைத்துக்கொள்ள முடியும். “உங்கள் மென்பொருள் ஓடவில்லை” என்று மட்டும் எழுதினால், அவர் இயந்திரத்தில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். பாஸ் லினக்ஸ் வைத்திருப்பவர்கள், அதே தொகுப்புக்கு டெபியனில் திருத்தம் ஏற்கெனவே வந்துவிட்டதா என்று முதலில் பார்த்துக்கொண்டு, வந்திருந்தால் அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துத் தம் மூலத்தில் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். பெரும்பாலும் அது, விடுபட்டுப்போன ஒரு முன்தேவையைச் சேர்க்கும் ஒற்றை வரியாகத்தான் இருக்கும்.